முயலின் எடை மாறும்போது: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழிமுறை

முயல் தன் நோயை வெளியே காட்டிக்கொள்ளாத பிராணி. பிற விலங்குகளுக்கு இரையாகவே வாழ்ந்து பழகிய இனம் என்பதால், வலி இருந்தாலும் பலவீனம் இருந்தாலும் அது வழக்கம்போல அமர்ந்து, மூக்கை அசைத்து, நாம் அருகில் சென்றால் எழுந்து நிற்கவும் செய்யும். அடர்ந்த முடி உடலின் மெலிவை மறைத்துவிடுவதால், நாள்தோறும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்த பிறகும் வேறுபாடு தெரியாமல் போகக்கூடும். தராசில் அது தெரிந்துவிடும்.

ஆனால் தராசை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்ற தெளிவு முதலிலேயே வேண்டும். பல் கோளாறு, சிறுநீரக நோய், கட்டி, மூட்டு வலி போன்று மெல்ல வளரும் நோய்களைத் தராசு பல வாரங்களுக்கு முன்னதாகவே காட்டிக்கொடுக்கும். குடல் இயக்கம் நின்றுபோவது போன்ற வேகமான கோளாறுகளில், எடை குறைவது தராசில் தெரிவதற்கு முன்பே முயலின் உயிருக்கு ஆபத்து வந்துவிடும். ஆகவே, உங்கள் முயல் 10 முதல் 12 மணி நேரமாக எதையும் உண்ணவில்லை, புழுக்கையும் இடவில்லை என்றால், எடையைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கால்நடை மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். கீழே உள்ளவை அந்த அவசர நிலை இல்லாதபோது பயன்படுபவை.

முதலில் ஒப்பிடுவதற்கு ஓர் எடை

இனவாரியான சராசரி எடைப் பட்டியல்கள் நோயைக் கண்டுபிடிக்கப் பெரிதாக உதவுவதில்லை. வளர்ந்த நெதர்லாந்து ட்வார்ஃப் முயல் ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். ஃப்ளெமிஷ் ஜெயன்ட் 6 கிலோவையும் தாண்டும். வீடுகளில் வளரும் முயல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட கலப்பினங்கள். உங்கள் முயல் நலமாக இருந்தபோது என்ன எடை இருந்தது என்பது மட்டுமே ஒப்பிடத் தகுந்த எண். அதைப் பெற, நான்கிலிருந்து ஆறு வாரங்கள்வரை வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் தீவனம் வைப்பதற்கு முன்பாக எடை போடுங்கள். இந்த எடைகள் எந்த இரண்டு எண்களுக்கு இடையில் ஏறி இறங்குகின்றனவோ அதுவே உங்கள் முயலின் இயல்பு எல்லை.

தராசைப் பொறுத்தவரை, 4 கிலோவுக்கு உட்பட்ட முயலுக்கு 5 கிலோவரை தாங்கும், 1 கிராம் துல்லியம் உள்ள சமையலறை டிஜிட்டல் தராசு போதும். அதற்கும் பெரிய முயலுக்குக் கைக்குழந்தைகளை எடை போடும் தராசு பொருத்தமானது. அது 5 அல்லது 10 கிராம் படியில் காட்டினாலும் பரவாயில்லை. முயலைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் ஏறி நிற்கும் தராசில் நின்று, பிறகு தனியே நின்று கழித்துப் பார்க்கும் முறை பலருக்கும் பழக்கமானது. ஆனால் அத்தகைய தராசுகளில் பல 100 கிராம் படியில்தான் எண்ணைக் காட்டும். ஒரு கிலோ எடையுள்ள முயலுக்கு 100 கிராம் என்பது பத்து சதவீதம். அந்த அளவு தெரிய வரும்போது, முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு போய்விட்டிருக்கும்.

எடை போடும் இடம் தரையாகவே இருக்கட்டும். மேசையிலிருந்து முயல் குதித்தால் கால் முறியலாம். பிடித்து அழுத்தும்போது பின்னங்கால்களை உதைத்துத் திமிறினால் முதுகெலும்பே முறியும் அபாயம் உண்டு. முயல் வசதியாக உட்காரும் அளவுக்கு ஒரு பெட்டியை எடுத்து, வழுக்காதபடி அடியில் துணி விரித்து, தராசின் மேல் வைத்து எண்ணைப் பூஜ்ஜியமாக்கிய பிறகு முயலை உள்ளே விடுங்கள். மூன்று முறை எண்ணைக் குறித்து, நடுவில் வரும் எண்ணை அன்றைய எடையாகக் கொள்ளுங்கள்.

குறைவை எப்போதும் சதவீதமாகக் கணக்கிடுங்கள். பழைய எடையிலிருந்து புதிய எடையைக் கழித்து, வரும் எண்ணைப் பழைய எடையால் வகுத்து, நூறால் பெருக்கினால் சதவீதம் கிடைக்கும். 2,100 கிராமிலிருந்து 1,995 கிராமுக்கு வந்திருந்தால் அது 5 சதவீதக் குறைவு. நடைமுறையில், 2 சதவீதத்துக்குள் வரும் மாற்றத்தைக் குடலிலும் சிறுநீர்ப்பையிலும் இருப்பவற்றின் ஏற்ற இறக்கமாக எடுத்துக்கொள்ளலாம். 3 சதவீதத்தைத் தாண்டினால் மறுநாளே திரும்ப எடை போட வேண்டும். 5 சதவீதம் உறுதியானால் மருத்துவரைப் பார்க்க நாள் குறிக்க வேண்டும். 10 சதவீதம் என்றால், முயல் எவ்வளவு துள்ளலாக இருந்தாலும் தாமதிக்கக்கூடாது.

இந்த எல்லைகளுக்குள் ஒரு பொறி இருக்கிறது. 2 கிலோ எடையுள்ள முயல் வாரத்துக்கு 20 கிராம் குறைந்துகொண்டே வந்தால், ஒவ்வொரு வாரமும் அது 1 சதவீதம் மட்டுமே. எந்த வாரமும் எச்சரிக்கை எல்லையைத் தொடாது. பத்து வாரம் கழித்துப் பார்த்தால் 200 கிராம் போயிருக்கும். ஆகவே புதிய எடையைச் சென்ற வார எடையோடு மட்டும் ஒப்பிட்டு நிறுத்தாமல், நான்கு வாரத்துக்கு முந்தைய எடையோடும், முதலில் கண்டறிந்த இயல்பு எல்லையோடும் சேர்த்து ஒப்பிடுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து ஒரே திசையில் நகரும் எண், எவ்வளவு சிறிதானாலும் கவனிக்க வேண்டியது.

அறிகுறி: ஒவ்வொரு முறையும் எண் வேறுவேறாக வருகிறது

நோயைத் தேடுவதற்கு முன்னால் தராசைச் சோதியுங்கள். காலியான பாட்டிலை வைத்துத் தராசைப் பூஜ்ஜியமாக்கி, பிறகு அதில் சரியாக ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றி வைத்தால், தராசு ஏறக்குறைய 1,000 கிராம் காட்ட வேண்டும். விலகல் பெரிதாக இருந்தால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். தராசின் கால்கள் நான்கும் கெட்டியான தரையில் பதிந்திருக்கின்றனவா, பெட்டியின் ஓரம் சுவரிலோ தரையிலோ உரசுகிறதா என்றும் பாருங்கள். விரிப்பின் மேல் வைத்த தராசு நம்பத் தகுந்த எண்ணைத் தராது.

தராசு சரியாக இருந்தும் எண் தாவினால், காரணம் பெரும்பாலும் நேரம்தான். முயலின் வயிறு எப்போதும் முழுதாகக் காலியாவதில்லை; அது நாளெல்லாம் உண்டுகொண்டும் புழுக்கை இட்டுக்கொண்டும் இருக்கும். காலை எடையையும் இரவு எடையையும் ஒப்பிட்டால் கிடைப்பது தீவனத்தின் எடை. சிறுநீர் கழிப்பதற்கு முன்னும் பின்னும்கூட வேறுபாடு தெரியும். முயல் பெட்டிக்குள் அசைந்துகொண்டே இருந்தால், கீரை இலை ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு அது உண்ணத் தொடங்கும்வரை காத்திருங்கள். இலையின் எடை கணக்கில் பொருட்டல்ல. நீண்ட கம்பளி முடியுள்ள அங்கோரா வகை முயல்களுக்கு முடி கத்தரித்த நாளைத் தவறாமல் குறித்துவையுங்கள். கத்தரித்த முடியின் எடை மட்டுமே அடுத்த எடையை எச்சரிக்கை எல்லைக்குக் கீழே தள்ளிவிடும்.

அறிகுறி: ஓரிரு நாளில் திடீரெனக் குறைந்திருக்கிறது

இரண்டு நாளுக்குள் 3 முதல் 5 சதவீதம் வரை குறைந்தால், அதில் பெரும்பகுதி கொழுப்போ தசையோ ஆக இருக்க முடியாது. உடலில் நீர் குறைந்திருக்கிறது, அல்லது உணவு உள்ளே போவது குறைந்திருக்கிறது. முதலில் தண்ணீரைப் பாருங்கள். கூண்டில் மாட்டும் பாட்டிலின் முனையில் உள்ள சிறு குண்டு சிக்கிக்கொண்டால், பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தும் முயலுக்கு ஒரு சொட்டும் கிடைக்காது. விரலால் குண்டைத் தொட்டு நீர் கசிகிறதா என்று நாள்தோறும் பார்ப்பது நல்லது. முயல்களுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். பாட்டிலைவிடக் கிண்ணத்திலிருந்து அவை தாராளமாகக் குடிக்கின்றன. தண்ணீர் கிடைக்காத முயல் விரைவிலேயே உலர்ந்த தீவனத்தையும் நிறுத்திவிடும். அறை வெப்பமும் இங்கே கணக்கில் வரும்: வெயில் கடுமையான நாட்களில் முயல் அசையாமல் படுத்து, உண்பதைக் குறைத்துக்கொள்ளும்.

அடுத்ததாகப் புழுக்கையைப் பாருங்கள். நலமான முயல் ஒரு நாளில் நூறிலிருந்து முந்நூறு புழுக்கைகள்வரை இடும். அவை உருண்டையாக, ஏறக்குறைய ஒரே அளவில், உடைத்தால் உள்ளே புல் துணுக்குகள் தெரியும்படி இருக்கும். புழுக்கை சிறுத்து, கறுத்து, எண்ணிக்கையும் குறைந்திருந்தால், குடல் இயக்கம் மந்தமாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதோடு முயல் முதுகை வளைத்து ஒடுங்கி உட்கார்வது, பற்களை நறநறவெனக் கடிப்பது, கண்களைப் பாதி மூடிக்கொள்வது, காதுகள் தொடுவதற்குக் குளிர்ந்திருப்பது ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் செல்ல வேண்டும். முயலின் இயல்பான உடல் வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. குடல் தேக்கத்தில் அது 38-க்குக் கீழே இறங்குவது மோசமான அறிகுறி.

இந்தக் கட்டத்தில் ஒரு முரணையும் அறிந்திருக்க வேண்டும். குடலில் அடைப்பு ஏற்பட்ட முயலின் வயிற்றில் நீரும் வாயுவும் தேங்குவதால், எடை குறையாமல் அப்படியே நிற்கலாம். வயிறு உப்பி, தொட்டால் விறைப்பாக இருந்தால், தராசு என்ன சொன்னாலும் அது அவசர நிலை. அப்போது சிரிஞ்சால் வாய்வழியே உணவு புகட்டக்கூடாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், உள்ளே போவதற்கு வெளியேறும் வழி வேறில்லை.

அறிகுறி: வாராவாரம் குறைகிறது, ஆனால் முயல் உண்கிறது

எடைக் குறிப்பேடு தன் பயனை முழுமையாகக் காட்டும் இடம் இதுதான். முயல் உண்கிறது என்று நாம் சொல்லும்போது, கிண்ணத்தருகே வந்து வாயை அசைப்பதைப் பார்த்தே சொல்கிறோம். எவ்வளவு உண்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பது வேறு கேள்வி. எனவே முதல் படியாக, இரண்டு மூன்று நாட்களுக்குத் தீவனத்தை எடைபோட்டு வைத்து, மீதியையும் எடைபோடுங்கள். பெல்லட் எனப்படும், சிறு குச்சிகளாக அழுத்திச் செய்த உலர் தீவனம் வழக்கமாக முயலின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் நாளுக்குச் சுமார் 25 கிராம். உணவின் பெரும்பகுதி உலர்புல்லாக இருக்க வேண்டும். அண்மையில் பெல்லட் வகையை மாற்றினீர்களா, புதிய கட்டுப் புல் வாங்கினீர்களா, வீட்டில் வேறு ஒருவர் தீவனம் வைக்கத் தொடங்கினாரா என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அளவுக் கோப்பை மாறியதால் ஏற்பட்ட எடைக் குறைவு, கோப்பையை மாற்றினாலே சரியாகிவிடும்.

தீவனத்தில் மாற்றம் இல்லாமலேயே குறைவு தொடர்ந்தால், முதலில் ஐயுற வேண்டியது பற்களை. முயலுக்கு 28 பற்கள். அவை அனைத்தும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளரும். புல்லை அரைத்து அரைத்துத் தேய வேண்டிய கடைவாய்ப் பற்கள் சீராகத் தேயாவிட்டால், ஓரங்களில் ஊசிபோன்ற முனைகள் உருவாகும்: மேல் தாடையில் அவை கன்னத்தையும், கீழ்த் தாடையில் நாக்கையும் குத்தும். பசி இருந்தும் மெல்ல முடியாத நிலை இது. அந்த முயல் கிண்ணத்தை நோக்கி ஓடி வரும், ஒரு வாய் எடுக்கும், விட்டுவிட்டுப் போகும்.

பல் கோளாறு முற்றும் வரிசை பெரும்பாலும் ஒரே மாதிரியானது. அதிகமாக மெல்ல வேண்டிய உலர்புல்லை முயல் முதலில் குறைக்கும். அடுத்துப் பெல்லட்டை ஒதுக்கும். மென்மையான கீரையையும் பழத்தையும் மட்டும் கடைசிவரை உண்டுகொண்டிருக்கும். கீரை உண்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடுவதால்தான் பல வாரங்கள் வீணாகின்றன. புல் குறையும்போதே புழுக்கை சிறுக்கும். புழுக்கை சிறுக்கும்போதே எடையும் இறங்கத் தொடங்கும். தாடை ஈரமாக இருப்பது, வாயிலிருந்து உணவு சிந்துவது, ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிவது, தாடையின் கீழ் விளிம்பைத் தடவினால் மேடு தட்டுப்படுவது ஆகியவை பின்னால் வருபவை. கண்ணீர் நாளம் மேல் பற்களின் வேர்களை ஒட்டிச் செல்வதால், வேர் நீளும்போது நாளம் அடைபட்டுக் கண் வடிகிறது.

முன்பற்களை உதட்டை விலக்கி வீட்டிலேயே பார்க்கலாம். அவை நேராகச் சந்தித்தால் முன்பற்கள் நலம் என்று மட்டுமே பொருள். கடைவாய்ப் பற்களை வீட்டில் பார்க்க முடியாது. மருத்துவமனையில்கூட, விழித்திருக்கும் முயலின் வாய்க்குள் விளக்குக் கருவியால் பார்ப்பது முதற்கட்டச் சோதனை மட்டுமே. மயக்க மருந்து கொடுத்துப் பார்ப்பதும் தலை எக்ஸ்ரே எடுப்பதும்தான் ஐயத்தைத் தீர்க்கும். முதல் சோதனையில் ஒன்றும் இல்லை என்று சொல்லப்பட்டு, எடை தொடர்ந்து இறங்கினால், குறிப்பேட்டைக் காட்டி மேற்கொண்டு சோதிக்கும்படி கேட்பதில் தவறில்லை. நீண்டுவிட்ட முன்பற்களை நகம்வெட்டியால் வெட்டாதீர்கள். பல் நெடுக்காகப் பிளந்து, வேர்வரை சீழ்பிடிக்க வழி ஏற்படும்.

பற்கள் சரியாக இருந்தால் அடுத்தது வலி. ஐந்து ஆறு வயதைக் கடந்த முயலுக்கு முதுகெலும்பிலும் இடுப்பிலும் மூட்டுத் தேய்மானம் சாதாரணம். புல் வைக்கும் சட்டம் உயரத்தில் இருந்தால் எட்டி நின்று உண்ண முடியாமல், கைக்கெட்டிய அளவோடு அது நிறுத்திக்கொள்ளும். இத்தகைய முயலால் உடலை வளைத்து, தன் மென்புழுக்கையை எடுத்து உண்ணவும் முடியாது. பிற புழுக்கையைப் போல் அல்லாமல், கொத்தாக, பளபளப்பாக, ஈரமாக வெளிவரும் இந்த மென்புழுக்கையை முயல் நேரடியாக வாயால் எடுத்து உண்பது வழக்கம். புரதமும் பி வகை வைட்டமின்களும் அதிலிருந்து கிடைக்கின்றன. கூண்டில் நசுங்கிய மென்புழுக்கை நாள்தோறும் கிடந்தால், அது எடைக் குறைவுக்கான சான்றாகவும் காரணத்தைத் தேடும் தடயமாகவும் பயன்படும். புல்லைத் தரைமட்டத்தில் வைத்துப் பாருங்கள். வலிநிவாரணி வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மனிதர்களுக்கான மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

மறைந்திருக்கும் கட்டி, ஈரல் நோய், குடல் ஒட்டுண்ணி ஆகியவையும் இதே அமைதியோடு எடையைக் குறைக்கும். இவற்றை வீட்டில் பிரித்தறிய வழியில்லை. இரத்தப் பரிசோதனை, புழுக்கைப் பரிசோதனை, ஸ்கேன் ஆகியவற்றுக்கு உரியவை அவை.

அறிகுறி: எடை குறைகிறது, தண்ணீர் மட்டும் அதிகம் குடிக்கிறது

நலமான முயல் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 50 முதல் 150 மில்லிலிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். கீரை அதிகம் உண்ணும் முயல் குறைவாகவும், உலர்புல்லை மட்டுமே உண்பது அதிகமாகவும் குடிக்கும். மூன்று நாள் தொடர்ந்து, வைத்த தண்ணீரையும் மீந்ததையும் அளந்து, சிந்தியதைக் கழித்துக் கணக்கிடுங்கள். மேல் எல்லையைத் தாண்டிக்கொண்டே எடையும் இறங்கினால், சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும். என்செஃபாலிட்டோசூன் குனிகுலி என்ற நுண்ணிய ஒட்டுண்ணி முயல்களின் சிறுநீரகத்தையும் மூளையையும் தாக்குவது. தலை ஒருபுறம் சாய்வது, பின்னங்கால் தளர்வது ஆகியவை உடனிருந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். வாயில் வலி உள்ள முயலும் சில நேரங்களில் உணவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக்கொள்ளும் என்பதால், பல் சோதனையை இங்கேயும் விட்டுவிடக்கூடாது.

அறிகுறி: எடை மாறவில்லை, ஆனால் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது

தராசு காட்டுவது மொத்தத்தை மட்டுமே. முதுகுத் தசை கரைந்துகொண்டிருக்கும்போதே வயிற்றுக்குள் கட்டி வளர்ந்தாலோ, நீர் தேங்கினாலோ, கூட்டியும் கழித்தும் எண் அசையாமல் நிற்கும். இதற்காகவே எடை போடும் ஒவ்வொரு முறையும் கையாலும் சோதிக்க வேண்டும். தோளிலிருந்து இடுப்புவரை முதுகெலும்பின் இருபுறமும் விரல்களை மெல்ல ஓட்டுங்கள்: எலும்புகள் உருண்டையாகவும், மெல்லிய உறைக்குள் இருப்பதுபோலவும் தட்டுப்பட்டால் நலம், கூர்மையாகத் தனித்தனியே தட்டுப்பட்டால் தசை குறைந்திருக்கிறது, அழுத்தினால்தான் எலும்பு தெரிகிறது என்றால் கொழுப்பு மிகுந்திருக்கிறது. விலா எலும்புகளையும் இடுப்பெலும்பையும் அதே முறையில் பாருங்கள். கால்நடை மருத்துவர்கள் இதையே ஒன்று முதல் ஐந்து வரையான உடல்நிலை மதிப்பெண்ணாகக் குறிப்பார்கள். நடுவில் உள்ள மூன்று விரும்பத்தக்கது. எடையோடு இந்த மதிப்பெண்ணையும் எழுதிவைத்தால், எண் பொய் சொல்லும் நாளில் கை உண்மையைச் சொல்லும்.

கருத்தடை அறுவை செய்யப்படாத, மூன்று நான்கு வயதைத் தாண்டிய பெண் முயலுக்கு இந்த நிலை வந்தால், கருப்பையைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். பெண் முயல்களிடம் கருப்பைப் புற்றுநோய் மிகவும் பரவலானது. சிறுநீரில் இரத்தம் அதன் அறிகுறிகளுள் ஒன்று. ஆனால் உணவிலுள்ள நிறமிகளாலும் முயலின் சிறுநீர் செம்பழுப்பாகும் என்பதால், நிறத்தை மட்டும் வைத்து அச்சப்படவோ அலட்சியப்படுத்தவோ வேண்டாம், பரிசோதனைக்குக் கொடுங்கள்.

அறிகுறி: எடை கூடிக்கொண்டே போகிறது

பெரும்பாலும் பெல்லட், பழம், அசைய இடமில்லாத கூண்டு ஆகிய மூன்றில்தான் காரணம் இருக்கும். ஆண் முயலோடு இருந்த பெண் முயல் என்றால் கர்ப்பத்தையும் எண்ணிப் பாருங்கள். சினைக்காலம் சுமார் 31 நாள். வயிறு மட்டும் பெருத்து, முதுகு மெலிந்து, மூச்சு வேகமாக இருந்தால் அது கொழுப்பல்ல. நீர்த்தேக்கத்துக்கோ கட்டிக்கோ மருத்துவர் பார்க்க வேண்டும்.

பருத்த முயலை இளைக்கவைப்பதில் அவசரம் கூடாது. பெல்லட்டை இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் குறைத்து, உலர்புல்லை எப்போதும் நிறைவாக வைத்து, வாரத்துக்கு 1 சதவீத அளவில் இறங்கவிடுங்கள். பட்டினி போடுவது முயலுக்கு ஆபத்தானது. பருத்த முயல் உண்பதை நிறுத்தினால் உடல் கொழுப்பு ஈரலில் சென்று படிந்து, ஈரல் செயலிழக்கும். எடை மிகுந்த முயலின் பின்புறத்தை நாள்தோறும் பாருங்கள். அதனால் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள முடியாது. அழுக்குப் படிந்த முடியில் ஈக்கள் முட்டையிட்டால், வெப்பமான நாட்களில் ஒரு நாளுக்குள்ளாகவே புழுக்கள் தோலைத் துளைக்கத் தொடங்கிவிடும்.

அறிகுறி: குட்டி வளரவில்லை

குட்டிகளுக்கு எடை குறைவது மட்டுமல்ல, கூடாமல் நிற்பதே எச்சரிக்கை. தாய் முயல் நாளுக்கு ஓரிரு முறை, சில நிமிடங்கள் மட்டுமே பால் கொடுக்கும் என்பதால், அது குட்டிகளைக் கைவிட்டுவிட்டதாகப் பலர் தவறாக நினைக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் குட்டிகளைத் தனித்தனியே, 1 கிராம் துல்லியமுள்ள தராசில் எடைபோட்டால் குழப்பம் தீரும். பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டிருக்கும், எண்ணும் நாள்தோறும் ஏறும். ஒரு நாள் முழுவதும் எண் ஏறாத குட்டியை உடனே கவனிக்க வேண்டும்.

பால் மறக்கும் பருவமான நான்கிலிருந்து எட்டு வாரங்களுக்குள் வளர்ச்சி தேங்கினால், காக்ஸிடியா என்ற குடல் ஒட்டுண்ணியை முதலில் ஐயுறுங்கள். முதுகு மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருப்பதும், புழுக்கை இளகுவதும் அதன் அடையாளங்கள். புழுக்கையைப் பரிசோதித்தே உறுதிசெய்ய முடியும். கூண்டின் தரையை உலர்வாக வைத்திருப்பது மருந்துக்கு நிகரான முக்கியத்துவம் உடையது, ஏனெனில் இந்த ஒட்டுண்ணி ஈரத்தில்தான் தொற்றும் நிலையை அடைகிறது.

அறிகுறி: இரண்டு முயல்களில் ஒன்று குறைகிறது

ஒரே கிண்ணத்தில் உண்ணும் முயல்களுக்குப் பொதுவான புழுக்கைத் தட்டும் காலியான கிண்ணமும் எதையும் சொல்வதில்லை. தனித்தனி எடை ஒன்றுதான் பிரித்துக் காட்டும். ஒன்று குறைந்து மற்றொன்று கூடினால், தீவனப் போட்டி இருக்கலாம், அல்லது எடை குறைந்த முயல் நோயால் விட்டுவிட்டதை மற்றது உண்டிருக்கலாம். இரண்டு இடத்தில் கிண்ணம் வைத்து ஒரு வாரம் பாருங்கள். அதன் பிறகும் குறைந்தால் போட்டி காரணமல்ல. சோதிப்பதற்காக அவற்றை முழுவதுமாகப் பிரித்து வைப்பதைத் தவிருங்கள். பழகிய இணையைப் பிரிந்த கவலையிலேயே முயல் உண்பதைக் குறைத்து, சோதனையின் முடிவைக் கெடுத்துவிடும். இடையில் ஒரு கம்பித் தடுப்பு போதும். இணையை இழந்த முயலையும் சில வாரங்களுக்கு நாள்தோறும் எடைபோடுவது நல்லது.

அறிகுறி: சிகிச்சைக்குப் பிறகும் எடை ஏறவில்லை

அறுவைக்கோ பல் சிகிச்சைக்கோ பிறகு எடையை நாள்தோறும் பாருங்கள். மருத்துவமனையில் தோலுக்கடியில் திரவம் ஏற்றியிருந்தால் அன்றைய எண்ணை நம்ப வேண்டாம்: 100 மில்லிலிட்டர் திரவம் 100 கிராமாகவே தராசில் தெரியும், மறுநாள் அது சிறுநீராகப் போய்விடும். முயல் நன்றாக உண்டும் ஒரு வாரத்தில் எண் திரும்பவில்லை என்றால், வலி தணியவில்லையா, வேறொரு நோய் உடனிருக்கிறதா என்று மருத்துவரைக் கேளுங்கள். மீந்துபோன பழைய ஆன்டிபயாட்டிக்கை நீங்களாகத் தொடர வேண்டாம்; வாய்வழி கொடுக்கும் அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவை முயலின் குடல் நுண்ணுயிர்களைக் குலைத்து உயிரைப் பறிக்கக்கூடியவை.

மருத்துவரிடம் செல்லும்போது

குறைந்தது மூன்று மாத எடைக் குறிப்பு, ஒரு நாள் தீவனத்தின் அளவு, தண்ணீரின் அளவு, அன்று காலை இட்ட புழுக்கை கொஞ்சம் ஆகியவற்றைக் கொண்டுசெல்லுங்கள். மருத்துவமனைத் தராசும் வீட்டுத் தராசும் ஒரே எண்ணைக் காட்டாது. கிளம்புவதற்கு முன் வீட்டில் எடைபோட்டு, அங்கே வந்த எண்ணையும் பக்கத்தில் எழுதிக்கொண்டால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பிற்காலக் கணக்குக்கு உதவும். மருந்தின் அளவு உடல் எடையை வைத்தே கணக்கிடப்படுவதால், பழைய எடையைச் சொல்லாமல் அன்றைய எடையைச் சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுக்கவிருக்கிறார்கள் என்பதற்காக, நாய்க்கும் பூனைக்கும் செய்வதுபோல் முயலைப் பட்டினியாகக் கொண்டுபோகாதீர்கள். அது விரும்பி உண்ணும் புல்லையும் கீரையையும் ஒரு பையில் எடுத்துச் சென்று, மயக்கம் தெளிந்தவுடன் கொடுக்கும்படி அங்குள்ளவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.